பழக்கம் முற்ற முற்ற மூளையில டோபமின் கூடுதா, குறையுதா?

களுவாஞ்சிகுடி டீச்சர்:

உயர்தர உயிரியல் பிள்ளைகளுக்கு ஒரு பாடவேளை, 40 நிமிசம், போதைப்பொருளும் மூளையும் பற்றிக் கதைக்க வேணும். அதே கிழமை பெற்றோருக்கும் சொல்ல வேணும். ஐஸ், குடு, கேரளக் கஞ்சா, பிரிகபலின் குளிசை, மாவா எண்டு பேரெல்லாம் பிள்ளைகளுக்கு எங்களை விட வடிவாத் தெரியும். "போதை கேடு" எண்டு சொல்றதுக்கு ஒரு பாடவேளை தேவையில்ல. மூளைக்குள்ள படிப்படியா என்ன மாறுது எண்டுதான் காட்ட வேணும்.

கையில கிடைக்கிற போஸ்டர் எல்லாம் ஒரே பாட்டு: பாவிச்சா டோபமின் வரும், டோபமின் வந்தா இன்பம், இன்பத்துக்கு அடிமை. எனக்கு இடிக்கிற இடங்கள் இவை:

ஒண்டு, டோபமின்தான் இன்பம் எண்டா, ரெண்டு வருசமாப் பாவிக்கிற ஆள் "இப்ப ஒண்டும் ஏறுதில்ல" எண்டு சொல்லிக்கொண்டே ஏன் கூடக் கூடத் தேடுறார்?

ரெண்டு, முதல் கிழமை வேலை செய்யிற பகுதியும் பழக்கம் ஊறின பிறகு வேலை செய்யிற பகுதியும் ஒண்டுதானா? எலியில அளந்திருக்கிறாங்களாம். உயிரோட ஓடித் திரியிற எலியின்ர மூளையில எப்படி அளக்கிறது?

மூண்டு, விட்டா பழையபடி வருமா? வந்தா எவ்வளவு காலம்?

கேள்வி கேக்கிற வகுப்பு இது. மழுப்பினா பிடிச்சிடுவாங்க.

நரம்புக்கலம்:

டீச்சர், முடிச்சு உங்கட முதல் கேள்வியிலதான் இருக்கு. போஸ்டர்காரர் டோபமினுக்கு "இன்ப ஓமோன்" எண்டு பேர் வச்சிட்டாங்க. இந்த இடத்தில அது ஓமோனே இல்ல, நரம்புக் கடத்தி. இன்பமும் இல்ல. சுகப்படுற வேலையில மூளை தானே ஊற வைக்கிற ஒபியொயிட்டுகளுக்குத்தான், அதாவது அபின் சாயலான இரசாயனங்களுக்குத்தான், பெரிய பங்கு. டோபமின் பார்க்கிறது கணக்குப்பிள்ளை வேலை: "எதிர்பார்த்ததை விடப் பெருசா ஒண்டு வந்திருக்கு, இதுக்கு முந்தி கண்ணில பட்டது என்ன எண்டு குறிச்சு வை, அடுத்த முறை அதைக் கண்டா எழும்பி ஓடு." பிடிக்கிறது வேற, இழுக்கிறது வேற எண்டு ரொபின்சனும் பெரிட்ஜும் 1993இல பிரிச்சு எழுதினாங்க. பழக்கம் முற்ற முற்ற பிடிக்கிறது தேயும், இழுக்கிறது வளரும். உங்கட "ஒண்டும் ஏறுதில்ல" ஆள் இதுக்குள்ள நிற்கிறார்.

குறிச்சு வைக்கிற அந்த வேலையை நேரா அளந்தவர் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ். குரங்கின்ர நடுமூளையில டோபமின் நரம்புக்கலத்துக்குப் பக்கத்தில நுண்மின்வாய் வச்சுப் பார்த்தார். எதிர்பாராம ஒரு சொட்டுப் பழச்சாறு வாயில விழுந்தா கணத்தாக்கங்கள், அதாவது கலத்தின்ர மின்துடிப்புகள், சடசடவெண்டு போகும். சாறுக்கு முந்தி ஒவ்வொரு தரமும் ஒரு வெளிச்சத்தைக் காட்டிப் பழக்கினா, பிறகு சாறுக்கு ஒரு அசைவும் இல்ல, அந்தச் சடசடப்பு வெளிச்சத்துக்கு மாறியிருக்கும். வெளிச்சம் வந்து சாறு வராட்டி, சாறு வர வேண்டிய அந்தக் கணத்தில வழக்கமா ஓடுற கணத்தாக்கமும் அடங்கிப் போகும். ஷுல்ட்ஸ், டயன், மொண்டேக் மூண்டு பேரும் 1997இல இதை ஒரு கழித்தல் கணக்காக்கினாங்க: கிடைச்சதில இருந்து எதிர்பார்த்ததைக் கழி. மிச்சம் இருந்தா மட்டும் டோபமின்.

சோறு, மீன், விளையாட்டு, பரீட்சைப் பெறுபேறு எல்லாத்திலயும் இந்த மிச்சம் நாளாக ஆகப் பூச்சியத்துக்கு வந்திடும். போதைப்பொருள் கணக்குப் புத்தகத்துக்குள்ளயே கையை விடுது. ஐஸ், அதாவது மெதம்பெற்றமின், டோபமினைத் திருப்பி உறிஞ்சுற வாயிலை எதிர்ப்பக்கமா ஓட வைக்கும். உள்ள பைகளில சேர்த்து வச்சிருக்கிறதையும் வெளியில கொட்ட வைக்கும். அரைவாழ்வுக்காலம் 10 முதல் 12 மணித்தியாலம் எண்டபடியா இரவு முழுக்க நித்திரை இல்ல. கொக்கேயின் அந்த வாயிலை அடைக்கும், ஒரு மணித்தியாலத்தில பாதி போயிடும். குடு, அதாவது ஹெரோயின், டோபமின் கலத்தைத் தொடுறதே இல்ல. அதைப் பிடிச்சு நிறுத்துற பிரேக் கலத்தை, அந்த காபா கலத்தை, மியூ வாங்கி வழியா அமத்தும். பிரேக் போனா வண்டி தானா ஓடும். சிகரெட் புகையில இருக்கிற நிக்கொட்டின் 10 முதல் 20 செக்கனுக்குள்ள மூளைக்குப் போய்ச் சேரும். இந்த வேகத்தைப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லுங்க. செயலுக்கும் டோபமினுக்கும் இடையில நேரம் குறையக் குறைய முடிச்சு இறுகும். விழுங்குறதை விட புகைக்கிறதும் ஊசி போடுறதும் கெதியாப் பிடிக்கிறதுக்கு முக்கியமான காரணம் இதுதான்.

இப்ப ரெண்டாவது கேள்வி. ஓடித் திரியிற எலியில அளக்கிற முறை எனக்குப் பிடிச்ச விசயம், கொஞ்சம் நீட்டிச் சொல்றன். மின்வாய் ஒரு காபன் நார். விட்டம் 7 மைக்ரோமீற்றர், தலைமுடியின்ர பத்தில ஒரு பங்கு. அதுக்கு −0.4 வோல்ற்றில இருந்து +1.3 வோல்ற்று வரை ஏத்தி, திரும்ப இறக்குவாங்க. செக்கனுக்கு 400 வோல்ற்று வேகம். ஏறி இறங்கி முடிய 8.5 மில்லிசெக்கன்தான். இது செக்கனுக்கு 10 தரம் நடக்கும். ஏறுற வழியில 0.6 வோல்ற்றை அண்டினதும் நாரைத் தொட்டுக்கொண்டிருக்கிற டோபமின் மூலக்கூறு இலத்திரன்களை இழக்கும். அந்த ஓட்டம் நனோஅம்பியர் அளவு. அதைப் பெருக்கிப் பார்த்தா டோபமின் எவ்வளவு எண்டு தெரியும். இதுக்கு முந்தி இருந்த முறையில மூளைக்குள்ள ஒரு நுண்குழாய் வச்சு, அதுக்குள்ளால வாற திரவத்தைச் சேர்த்துப் பரிசோதிப்பாங்க. ஒரு மாதிரி எடுக்கவே பல நிமிசம். எலி மூக்கை நுழைச்ச அந்த ரெண்டு மூண்டு செக்கனில நடந்தது அந்தத் தண்ணிக்குள்ள கரைஞ்சு போயிடும்.

வில்லுன், பிலிப்ஸ் ஆக்கள் 2012இல வெளியிட்ட பரிசோதனையை வகுப்புக்கு எடுங்க. கூட்டில ஒரு ஓட்டை. எலி மூக்கை நுழைச்சா நாளத்துக்குள்ள கொக்கேயின் போகும், அதோட 20 செக்கன் வெளிச்சமும் சத்தமும். நாளுக்கு ஒரு மணித்தியாலம், மூண்டு கிழமை. மூளையின்ர ஆழத்தில, டோபமின் வந்து சேருற ஸ்ட்ரையேட்டம் எண்ட பகுதியில ரெண்டு இடத்தில நார்: கீழ் உள்பக்கம், அதாவது நியூக்ளியஸ் அக்கம்பன்ஸ், மற்றது மேல் வெளிப்பக்கம். முதல் கிழமை மூக்கு நுழைஞ்சு சில செக்கனில கீழ டோபமின் குபீரெண்டு ஏறும், மேல ஒண்டும் இல்ல. ரெண்டாம் மூண்டாம் கிழமைகளில கீழ ஏற்றம் சரிஞ்சுகொண்டு போகும், மேல புதுசா முளைக்கும். அதே எலி, அதே மருந்து, அதே ஓட்டை. மாறினது இடம்.

இன்னொரு படி செய்தாங்க. சில எலிகளுக்கு ஒரு பக்கத்துக் கீழ்ப்பகுதியை முன்கூட்டியே பழுதாக்கிவிட்டு அதே மூண்டு கிழமை. பழுதான பக்கத்தில மேலயும் டோபமின் முளைக்கல்ல. வயல் தெரிஞ்ச பிள்ளைகளுக்கு இதைச் சொல்றது லேசு: முதல் வரவையின்ர வக்கடையை அடைச்சா அடுத்த வரவைக்குத் தண்ணி போகாது.

மேல் வெளிப்பக்கம் பழக்கத்தின்ர இடம். கரண்ட் இல்லை எண்டு தெரிஞ்சும் அறைக்குள்ள போனதும் சுவிச்சைத் தட்டுற கை இருக்கே, அதுதான். வெளிச்சம் வருமா எண்டு கை யோசிக்கிறதில்ல. விருப்பத்தில தொடங்கினது பழக்கமாகி, பிறகு கட்டாயமாகிறதை இந்தக் கீழ் மேல் நகர்வோட சேர்த்து எவரிட்டும் ரொபின்சும் 2005இல விளக்கமா எழுதினாங்க. மனிசரிலயும் சாயல் தெரியும். மதுப் படம் காட்டி ஸ்கான் எடுத்தா, எப்பவாவது குடிக்கிறவருக்குக் கீழ்ப்பகுதி கூட எழும்பும், மொடாக்குடியருக்கு மேல்பகுதி. 2006இல நோரா வொல்கோவின்ர குழு கொக்கேயினுக்கு அடிமைப்பட்டவங்களுக்கு மற்ற ஆக்கள் பாவிக்கிற வீடியோவைப் போட்டுக் காட்டினது. மருந்து ஒரு துளியும் உடம்புக்குள்ள போகல்ல. மேல் ஸ்ட்ரையேட்டத்தில டோபமின் ஏறினது. கூட ஏறினவங்க ஆசையும் கூட எண்டு சொன்னாங்க.

தலைப்பில கேட்டதுக்குப் பதிலும் வில்லுன் ஆக்களிட்டயே இருக்கு. 2014இல அதே குழு எலிகளை நாளுக்கு 6 மணித்தியாலம் விட்டது. சிலது நாளுக்கு நாள் கூட எடுத்தது, சிலது ஒரே அளவில நின்றது. கூட எடுத்த எலிகளில கீழ்ப்பகுதி டோபமின் குபீர் குறைஞ்சிருந்தது. மூளைக்குள்ள டோபமினா மாறுற எல்-டோப்பா மருந்தைக் குடுத்து அதைத் திருப்பி ஏத்தினதும் எடுக்கிற அளவு குறைஞ்சது. கீழ்ப்பகுதியில டோபமின் குறையக் குறையத் தேடல் கூடுது. (அப்ப ஏன் எல்லாருக்கும் எல்-டோப்பா குடுக்கல்ல எண்டு ஒரு பிள்ளை கட்டாயம் கேக்கும். மனிசரில அது நம்பி எழுதக்கூடிய மருந்தா நிற்கல்ல.)

நெற்றிக்குப் பின்னால இருக்கிற முன்மூளை மேற்பட்டையை விட்டிடாதீங்க. நிறுத்துற கட்டளை வாற இடம் அது, முழுசா முதிர இருபத்தைஞ்சு வயசு அளவாகும். 2013இல ஒரு பரிசோதனையில, காலில மின்னதிர்ச்சி பட்டாலும் கொக்கேயினைத் தேடிப் போற எலிகளில முன்மூளைக் கலங்கள் சோர்ந்து கிடக்கிறதைக் கண்டாங்க. ஒளியால அந்தக் கலங்களை எழுப்பினதும் தேடல் குறைஞ்சது.

வார்ட் டியூட்டி:

மேலே சொன்னதெல்லாம் முன்னுக்கு இழுக்கிற பக்கம். பின்னுக்கு நின்று தள்ளுற பக்கமும் இருக்கிறது. பெற்றோர் கூட்டத்துக்கு அதுதான் கூடத் தேவை, ஏனென்றால் வீட்டில் பிழை நடக்கிறது அங்கேதான்.

மூளை எப்போதும் சமநிலைக்கு இழுக்கும். வெளியிலிருந்து அமத்தினால் உள்ளேயிருந்து எத்தும். குடுவை எடுத்துக்கொள்ளுங்கள். மூளைத்தண்டில் லோக்கஸ் செருலியஸ் என்று ஒரு சின்னப் புள்ளி, நோர்அட்ரினலின் அங்கேயிருந்துதான் மூளை முழுக்கப் போகிறது. குடு அதை அமத்துகிறது. மாதக்கணக்கில் அமத்தினால் அந்தக் கலங்கள் தங்கள் உள் இயந்திரத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளும். ஒரு நாள் குடு நின்றால் அமத்துகிற கை இல்லை, கூட்டி வைத்தது அப்படியே இருக்கிறது. வியர்வை, மயிர்க்கூச்செறிவு, கண்ணும் மூக்கும் ஓடுதல், வயிற்றோட்டம், நித்திரையின்மை, இவற்றில் பெரும்பங்கு அந்தப் புள்ளியின் வெறி. கடைசி எடுப்பிலிருந்து 8 முதல் 24 மணித்தியாலத்துக்குள் தொடங்கும், இரண்டாம் மூன்றாம் நாள் உச்சம், 4 முதல் 10 நாளில் அடங்கும்.

உடம்பு அடங்கின பிறகும் மனம் அடங்காது. பயத்தையும் பதற்றத்தையும் கையாளுகிற அமிக்டலாவைச் சுற்றின பகுதியில் மன அழுத்தத்தின் தூதுவர்களான சீ.ஆர்.எஃப்., டைனோர்ஃபின் இரண்டும் ஏறி நிற்கும். ஜோர்ஜ் கூப் இதை அடிமைத்தனத்தின் இருண்ட பக்கம் என்று எழுதுவார். தொடக்கத்தில் சுகத்துக்குப் பாவிக்கிறவர், பிறகு சுகமில்லாமல் இருப்பதைத் தீர்க்கப் பாவிக்கிறார். ஐஸில் உடல் நடுக்கம் அவ்வளவு இல்லை. நித்திரை, அகோரப் பசி, பிறகு கிழமைக்கணக்கில் மனச்சோர்வு. "நல்லாத் தூங்குறான், சரியாயிட்டான்" என்று வீட்டார் நிம்மதியாகிற அந்த நாட்களில்தான் தற்கொலை எண்ணம் வரக்கூடும். தனியே விடக் கூடாது. கதைக்க ஆள் வேண்டுமென்றால் 1926 மனநல உதவி இலக்கம் இருக்கிறது.

இப்போது "அறைக்குள்ள மூணு நாள் பூட்டி வச்சாச் சரி" என்ற வைத்தியம். குடுவை மட்டும் எடுத்த ஆரோக்கியமான ஆள் பெரும்பாலும் தப்புவார், ஆனால் வாந்தியும் வயிற்றோட்டமும் சேர்ந்தால் நீரிழப்பு ஆளைச் சாய்க்கும். சாராயம், கசிப்பு, பிரிகபலின், நித்திரைக் குளிசை இவற்றை நாட்பட எடுத்தவரைச் சடுதியாக நிறுத்திப் பூட்டினால் வலிப்பு வரலாம். மதுவில் வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணித்தியாலத்துக்குள். அதற்குப் பிறகு, இரண்டாம் மூன்றாம் நாளளவில், ஆள் தடுமாறி, இல்லாததைக் கண்டு, காய்ச்சலும் நடுக்கமுமாக வருகிற நிலை உயிரையே எடுக்கும். அது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடக்க வேண்டிய நேரம். பக்கத்துக் கிளினிக்கில் ஒரு போத்தல் சேலைன் ஏற்றினால் போதும் என்கிற நம்பிக்கையும் ஆபத்து. சாப்பிடாமல் குடித்தவருக்குத் தயமின், அதாவது விற்றமின் பி1, கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை நிரந்தரமாகப் பழுதாகலாம்.

சகிப்பைப் பற்றி, அதாவது அதே அளவு நாளாக நாளாகக் குறைவாக ஏறுவதைப் பற்றி, ஒரு வார்த்தை, ஏனென்றால் ஆட்கள் சாகிறது இங்கே. குடு பழகின மூளை மூச்சை அடக்குகிற விளைவையும் சகிக்கப் பழகியிருக்கும். புனர்வாழ்விலோ மறியலிலோ சில கிழமைகள் இருந்தால் அந்தச் சகிப்பு இறங்கிவிடும். ஆனால் பழைய அளவு மறக்காது. வெளியில் வந்த முதல் கிழமைகளில் பழைய அளவை எடுத்தால் மூச்சு நிற்கும். சகிப்பில் ஒரு பங்கு இடத்தோடும் ஒட்டியிருக்கிறது. 1982இல் ஷெப்பர்ட் சீகல் எலிகளில் காட்டினார்: ஒரே பெரிய அளவு ஹெரோயின், முன்பின் பழகாத எலிகளில் 96 சதவீதம் செத்தது, பழகின எலிகளைப் புது அறையில் வைத்துக் கொடுத்தபோது 64 சதவீதம், வழமையான அறையில் 32 சதவீதம். வழமையான அறை என்றால் மூளை முன்கூட்டியே எதிர்த்தாக்கத்தை ஆயத்தம் செய்கிறது. அதே ஆயத்தம்தான் மருந்து வராத நாளில் ஆசையாகவும் உடல் நோவாகவும் தெரியும்.

கண்மணி குண்டூசித் தலை அளவு, மூச்சு நிமிசத்துக்குச் சில தரம் மட்டும், உதடு நீலம், தொண்டையில் கறகறப்பு என்றால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள். பக்கவாட்டில் படுக்க வையுங்கள். மூச்சு நின்றால் வாயோடு வாய் ஊதுங்கள். தேசிக்காய்த் தண்ணி பருக்குகிறது, கிணற்றடிக்குக் கொண்டுபோய் வார்க்கிறது இரண்டும் வேண்டாம், அது நுரையீரலுக்குள் போகும். ஆஸ்பத்திரியில் குடுவின் விளைவை முறிக்கிற நலொக்சோன் மருந்து போட்டதும் ஆள் எழும்பி "வீட்ட போறன்" என்பார். விடாதீர்கள். நலொக்சோன் 30 முதல் 90 நிமிசத்தில் இறங்கும், போதைப்பொருள் அதைவிட நேரம் நின்றால் மூச்சு திரும்ப அடங்கும்.

மூன்றாவது கேள்விக்கு: 2001இல் வொல்கோவின் குழு ஐஸ் பாவித்தவர்களை, விட்டுக் கொஞ்ச நாளில் ஒரு தரமும் 12 முதல் 17 மாதத்துக்குப் பிறகு ஒரு தரமும் பெட் ஸ்கான் செய்தது. டோபமின் வாயில்கள் நல்லாகத் திரும்பியிருந்தன. ஞாபகப் பரிசோதனையும் கை கால் வேகப் பரிசோதனையும் அதே அளவுக்குத் திரும்பவில்லை. அதே 2001இல் எலிகளில் இன்னொன்று தெரிந்தது: வெளிச்சத்தையும் சத்தத்தையும் கண்டதும் கொக்கேயினைத் தேடுகிற வேகம், நிறுத்தின மறுநாளை விட 60ஆம் நாள் கூட இருந்தது. ஒரு மாதம் தொடாமல் இருந்தவருக்கு ஆபத்துக் குறைந்துவிட்டது என்று எண்ணி அவர் கையில் காசையும் மோட்டார் சைக்கிளையும் கொடுக்கிறது இதற்கு நேர் எதிரான கணக்கு.

களுவாஞ்சிகுடி டீச்சர்:

ரெண்டு பேருக்கும் நன்றி. டொக்டர், சேலைன் விசயத்தைப் பெற்றோர் கூட்டத்துக்கு முதல் வரியாவே எடுக்கிறன்.

வகுப்புக்கு இன்னும் ரெண்டு. அந்தக் கழித்தல் கணக்கை எலியும் மின்வாயும் இல்லாம வகுப்பிலயே செய்து காட்ட ஏலுமா? மற்றது, டிமைத் தாளில ஒரு மூளைப் படம் கீறப் போறன். கீழ், மேல் எண்டு சொன்னதை எங்க கீறுறது? இணையத்தில இருக்கிற, ஓட்டை விழுந்த மாதிரித் தெரியிற மூளை ஸ்கான் படங்களையும் ஒட்டலாமெண்டு யோசிக்கிறன்.

நிந்தவூரான்:

டீச்சர், அந்த ஓட்டைப் படத்தை ஒட்டாதீங்க. மூளையில அப்படி ஓட்டை இல்ல. ஒரு எல்லைக்குக் கீழ இரத்தோட்டம் போனா கணினி அந்த இடத்தைக் கறுப்பாக் காட்டும், அவ்வளவுதான். எல்லையைக் கொஞ்சம் மாத்தினா உங்கட என்ர மூளையிலயும் ஓட்டை காட்டலாம். எம்.ஆர்.ஐ. நிறப்படமும் ஒரு ஆளின்ர படம் இல்ல, பல பேரைச் சராசரி எடுத்து, ரெண்டு நிலையைக் கழிச்சு வந்த மிச்சம். பிள்ளை ஒண்டு அதைப் பார்த்திட்டு "எங்கட அண்ணன்ர மூளையும் இப்படியா" எண்டு கேட்டா உங்களுக்குப் பதில் இல்ல.

பயிற்சிக்கு ஒரு கைமணி, 10 டொபி, ஒரு பை போதும். (நோன்பு மாசமெண்டா ஸ்டிக்கர்.) ஒரு பிள்ளையை முன்னால இருத்தி குனிஞ்சு ஏதாவது எழுத விடுங்க. மற்றப் பிள்ளைகள் மூண்டு நிரல் கீறி, ஆள் நிமிர்ந்தது மணிக்கு முந்தியா, மணிக்கா, டொபிக்கா எண்டு புள்ளடி போடட்டும். முதல் 3 தரம் மணி இல்லாம, சொல்லாம, மேசையில ஒரு டொபி. நிமிர்வு டொபிக்கு வரும். அடுத்த 6 தரம் மணி, 3 செக்கன் கழிச்சு டொபி. நாலாம் ஐஞ்சாம் தரமே நிமிர்வு மணிக்கு மாறும், டொபியைப் பார்க்கக் கூட மாட்டான். பிறகு 2 தரம் மணி மட்டும். மூணாவது செக்கனில முகத்தைப் பார்க்கச் சொல்லுங்க. ஷுல்ட்ஸின்ர மூண்டு வரைபும் வகுப்பில கிடைக்கும். மிச்சம் ஒரு டொபி அந்தப் பிள்ளைக்கு.

பிழைக்கிற இடம் ரெண்டு. மணி அடிக்க முந்தி பைக்குள்ள கையை விட்டா பொலித்தீன் சரசரப்பே சைகையாகிடும், நிமிர்வு மணிக்கு முந்தின நிரலில விழும். டொபியை முதலே கையில எடுத்து வச்சிருங்க. மற்றது, ஒரே இடைவெளியில அடிச்சா பிள்ளை நேரத்தை எண்ணத் தொடங்கும். 10 செக்கனுக்கும் 40 செக்கனுக்கும் இடையில மாத்தி மாத்தி அடியுங்க. உண்மையில சரசரப்புப் பிழை நடந்தா அதை மறைக்காதீங்க, அதுதான் பாடத்தில நல்ல இடம். குடு பாவிச்சவருக்கு ஈயத்தாள் சரசரப்பு, லைட்டர் சத்தம், ஒரு கூட்டாளியின்ர மோட்டார் சைக்கிள் ஹோன், போனில ஒரு இலக்கம், வாவிக்கரையில ஒரு இருட்டு மூலை, எல்லாம் அப்படி ஒட்டினதுதான். ஆள் கவனிச்சிருக்கவும் தேவையில்ல. 2008இல ஒரு ஆய்வு கொக்கேயின் படங்களை 33 மில்லிசெக்கன் மட்டும் காட்டினது. என்ன பார்த்தம் எண்டு ஆக்களுக்குத் தெரியல்ல, ஆனா உணர்ச்சிப் பகுதிகள் எழும்பினது.

இடத்தை மாத்தினா என்ன நடக்கும் எண்டதுக்கு வியட்நாமுக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களை லீ ரொபின்ஸ் தொடர்ந்து பார்த்த கணக்கு இருக்கு. அங்க இருக்கேக்க ஐஞ்சில ஒருத்தர் அளவு ஹெரோயின் மாதிரியான ஒபியத்துக்கு அடிமை. ஊருக்குத் திரும்பி 10 மாசத்துக்குள்ள அந்த அடிமைப்பட்டவங்களில திரும்ப அடிமையானது 5 சதவீதம், மூண்டு வருசத்தில கொஞ்சக் காலமாவது திரும்ப விழுந்தவங்க 12 சதவீதம். சைகை எல்லாம் அடுத்த கண்டத்தில நின்று போச்சு. எங்கட பெடியன்களுக்கு நடக்கிறது மறுபக்கம்: தூர ஊரில சிகிச்சை, முடிஞ்சதும் அதே சந்தி, அதே வாங்கு. அதனால வெளியில வந்த ஆளுக்குப் போன் இலக்கத்தை மாத்துறது, வேலைக்குப் போற பாதையை மாத்துறது, கையில காசை நாள் கணக்கில குடுக்கிறது எண்டு சின்ன விசயத்தில தொடங்கச் சொல்லுங்க. அறிவுரையை விட இது கூட வேலை செய்யும்.

இன்னொண்டு. "ஒருக்கா அடிச்சா அவ்வளவுதான்" எண்டு வகுப்பில சொல்லாதீங்க. அடிச்சுப் பார்த்து ஒண்டும் ஆகாத கூட்டாளியை ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும், மிச்சம் நீங்க சொல்ற எல்லாத்தையும் பிறகு நம்ப மாட்டாங்க. அமெரிக்காவில 1994இல வந்த கணக்கில, ஒருக்காவாவது பாவிச்சவங்களில அடிமையானது புகையிலையில 32 சதவீதம், ஹெரோயினில 23, கொக்கேயினில 17, மதுவில 15, கஞ்சாவில 9. சிகரெட்தான் முதல் இடம் எண்டதும் வகுப்பு நிமிரும். 2004இல எலிகளில பார்த்தபோதும் மூண்டு மாசம் கொக்கேயின் எடுத்ததில முழு அடிமை அறிகுறி காட்டினது 17 சதவீதம்தான். ரெண்டு 17உம் ஒத்து வந்ததில பெரிய அர்த்தம் தேட வேணாம். ஆர் அந்தப் பங்கில விழுவாங்க எண்டு முன்கூட்டிச் சொல்ல ஒரு ஸ்கானும் இல்ல எண்டதைச் சொல்லுங்க, அது காணும்.

நரம்புக்கலம்:

அண்ணன் சொன்ன டொபி விளையாட்டை நானும் எடுத்துக்கிறன். படத்துக்கு வாறன்.

மூளையைப் பக்கவாட்டில கீறினா ஸ்ட்ரையேட்டம் விளங்காது. காதுக்குக் காது நேரா வெட்டின மாதிரி, முகம் பார்க்கிற பக்கத்தில இருந்து கீறுங்க. ஒவ்வொரு பக்கமும் ரெண்டு திட்டு: நடுக்கோட்டுக்குக் கிட்ட கோடேற், வெளியில பியூற்றமென், இடையில வெள்ளை நார்க்கட்டு ஒண்டு. கீழ ரெண்டும் ஒட்டுற மூலைதான் அக்கம்பன்ஸ். எல்லாரும் பிழை விடுறது இங்க: எலியில "மேல் வெளிப்பக்கம்" எண்டதை மனிசப் படத்தில அதே வெட்டில மேல குறிச்சிடுவாங்க. மனிசரில பழக்கத்தோட கூடச் சம்பந்தப்படுறது பியூற்றமெனின்ர பின்பகுதி. அக்கம்பன்ஸ் முன்னால இருக்கு. ஒரே வெட்டில ரெண்டும் வராது. ரெண்டு டிமைத் தாள் எடுங்க, முன்வெட்டு ஒண்டு, பின்வெட்டு ஒண்டு. முன்வெட்டில அக்கம்பன்சைச் சிவப்பால, பின்வெட்டில பியூற்றமெனை நீலத்தால நிரப்புங்க. முதல் கிழமைக்குச் சிவப்பை அழுத்தி, மூண்டாம் கிழமைக்குச் சிவப்பை மெலிசா நீலத்தை அழுத்தி எண்டு ரெண்டு சோடி ஒட்டினா எலியில கண்ட நகர்வு கண்ணால தெரியும். மூலையில "கிழமைக் கணக்கு எலியினுடையது" எண்டு எழுத மறக்காதீங்க. மனிசரில எத்தனையாம் கிழமை எண்டு ஒருத்தரும் அளக்கல்ல.

சிவப்பில இருந்து நீலத்துக்கு நேரா அம்புக்குறி போட்டிடாதீங்க. ரெண்டுக்கும் நேர் வழி இல்ல. அக்கம்பன்சில இருந்து நார் நடுமூளைக்கு இறங்கும், அங்க தனக்குத் திருப்பி அனுப்புற டோபமின் கலங்களோட பக்கத்து வீட்டுக் கலங்களையும் தொடும், அந்தப் பக்கத்து வீடு ஸ்ட்ரையேட்டத்தில ஒரு படி தள்ளி மேல ஏறும். குரங்கில சூசன் ஹேபர் 2000இல காட்டின சுருள் இது. இறங்கி ஏறி, இறங்கி ஏறி மூண்டு வளையம் கீறினாப் போதும். வக்கடைக் கதையைச் சொல்லேக்க முதல் வளையத்தில ஒரு புள்ளடி போட்டு, மிச்ச ரெண்டையும் பிள்ளைகளையே அழிக்க விடுங்க.